சித்தூர்ச் சீமையில் ஆடலும் விஞ்ஞானமும்

புரட்டாசி மாதத்தில் திருமலையில் பிரம்மோற்சவம் நடைபெறும்போது, வாஹனத்தில் எழுந்தருளும் வேங்கடவனுக்கு முன்னே மாடவீதிகளில் ஆடிச் செல்லும் கோலாட்டக் கோஷ்டிகளைக் கண்டவர்கள், ஒரே நிறப் புடவை உடுத்த கிராமத்துப் பெண்கள் பலர் ஒரு தாளத்தையும் தவறவிடாமல், ஒரு கோலையும் வீணாக வீசாமல், வீதியின் திருப்பங்களிலும் வரிசை குலையாமல் செல்லும் ஒழுங்கை வியந்திருப்பார்கள். அந்த மலையின் அடிவாரத்திலிருந்து சித்தூருக்குச் செல்லும் வழியில், காடங்கி என்னும் சிற்றூரில், வானத்துக் காற்றின் போக்கை அளந்தறியும் மாபெரும் ராடார் நிலையம் ஒன்று இருக்கிறது. கீழ்த்திசையிலோ, 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாக வகுக்கப்பட்டபோது அதன் எல்லைக்குள் வந்து சேர்ந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் தேசத்தின் ராக்கெட்டுகள் விண்ணேகுகின்றன. வீதியில் கோலடிக்கும் பெண்ணுக்கும், காற்றை அளக்கும் ராடாருக்கும், விண்கலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, அந்தச் சம்பந்தம் இன்று நேற்று உண்டானதன்று என்பதையும், இடையில் அறுபட்டுப்போன அதனை மீண்டும் இணைப்பது நம் பெண்மக்களின் கல்விக்குப் பெருநன்மை தரும் என்பதையும் சரித்திர வாயிலாக எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்தூர் ஜில்லா 1911ஆம் ஆண்டில் வட ஆற்காடு, கடப்பை முதலிய ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953இல் ஆந்திர ராஜ்யம் பிறக்கும் வரையில் சென்னை மாகாணத்தின் அங்கமாகவே இருந்த இச்சீமையில், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசிக்கொள்ளும் பாஷைகளாக வாழ்ந்து வந்திருக்கின்றன. திருமலை, திருப்பதி ஆலயங்களின் சாசனங்களுள் மிகுதியானவை தமிழிலேயே பொறிக்கப்பட்டிருக்க, அதே மண்ணில் கார்வேட்டிநகர சமஸ்தானத்தைச் சார்ந்திருந்த சாரங்கபாணியின் பதங்களோ தெலுங்கில் பாடப்பெற்றன. அப்பதங்களுக்கு அபிநயம் பிடித்த பெண்கள் இரண்டு பாஷைகளின் சுவையையும் அறிந்தவர்களாகவும், இசையிலும் தாளத்திலும் தேர்ந்தவர்களாகவும் இருந்தால்தான் சபையில் நிற்க முடிந்தது. ஆகவே ஆடல் என்பது அக்காலத்தில் தேகத்தின் பயிற்சி மாத்திரமன்று. இலக்கியமும் சங்கீதமும் கணக்கும் ஒருங்கே சேர்ந்த ஒரு முழுமையான கல்வியாகவே அது விளங்கிற்று.

ஆலயங்களில் பணிபுரிந்த இப்பெண்கள் சாசனங்களில் எம்பெருமானடியார் என்று குறிக்கப்படுகிறார்கள். விஜயநகர மன்னர் காலத்தில், விசேஷமாகப் பதினாறாம் நூற்றாண்டில், அவர்களுள் சிலர் தம்முடைய சொந்தப் பொருளை ஆலயப் பண்டாரத்தில் செலுத்தி, உற்சவ நாள்களில் பெருமாளுக்குப் படைக்கவேண்டிய நைவேத்தியங்களுக்கு நிரந்தரமான ஏற்பாடுகள் செய்திருக்கிறார்கள். தமக்கென்று பொருள் வைத்துக்கொள்ளவும், அதனைத் தம் விருப்பப்படி தர்மம் செய்யவும், அச்செய்தியைக் கல்லில் பொறித்து வைக்கவும் உரிமை பெற்ற பெண்கள் அந்நாளில் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால், இச்சாசனங்களின் அருமை விளங்கும்.

இவ்வாறு பக்தர்கள் செலுத்திய ரொக்கத்தைத் திருப்பதி தேவஸ்தானத்தார் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடவில்லை. தேவதான கிராமங்களில் ஏரிகளை வெட்டியும், கால்வாய்களைத் தோண்டியும், கரைகளைப் பலப்படுத்தியும், அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து நைவேத்தியத்துக்கு வேண்டிய நெல்லையும் நெய்யையும் பெற்று வந்தார்கள். பர்ட்டன் ஸ்டைன் என்னும் சரித்திர ஆசிரியர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் இந்த ஏற்பாட்டை விரிவாக விளக்கியிருக்கிறார். மன்னர்களும் வணிகர்களும் ஆசாரியர்களும் தந்த பொன்னோடு ஆடல்மகளிர் தந்த பொன்னும் அந்தப் பொதுநிதியில் சேர்ந்தது. மழை குறைந்த இச்சீமையில் நீர்ப்பாசனமே தலையாய தொழில்நுட்பமாக இருந்தது. அதற்கு மூலதனம் அளித்தவர்களின் வரிசையில் ஆடற்கலையால் பொருளீட்டிய பெண்களும் நின்றார்கள் என்பது மறந்துவிடத்தக்க செய்தியன்று.

ஆயினும் ஆடல்மகளிர் பெற்ற கல்விக்கு ஒரு கொடிய நிழலும் உடன் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டு வழக்கங்களைப் பற்றி எழுதிய அபே துபுவா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், எழுதவும் படிக்கவும் பாடவும் கற்ற பெண்கள் தாசியர் மட்டுமே என்றும், அக்காரணத்தினாலேயே குடும்பப் பெண்கள் அவ்வித்தைகளைத் தமக்கு இழிவாகக் கருதினார்கள் என்றும் பதிவு செய்திருக்கிறார். படிப்பு ஒரு குலத்துப் பெண்களுக்கு விதிக்கப்பட்டது. மற்றக் குலத்துப் பெண்களுக்கு விலக்கப்பட்டது. விதிக்கப்பட்டவர்களும் அதனால் மதிப்பை அடையாமல், செல்வர்களின் தயவையும் ஆலய அதிகாரிகளின் போக்கையும் நம்பி வாழவேண்டியவர்களானார்கள். பெண்கல்வியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ஆடலின் சரித்திரத்தை விட்டுவிட்டு அதனை எழுத முடியாதென்பதற்கு இதுவே போதிய காரணமாகும்.

அப்பெண்கள் கற்ற கணக்கு எத்தகையது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஆடல் பயிலும் சிறுமி முதன்முதலில் தட்டடவைக் கற்கிறாள். அதே அடவை அவள் மூன்று காலங்களில் ஆடவேண்டும். முதற்காலத்தில் ஓர் அட்சரத்துக்கு ஒரு தட்டென்றால் இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. இரட்டித்துச் செல்லும் எண்வரிசையை அவள் பலகையில் எழுதுவதற்கு முன்பே பாதத்தினால் அறிந்துவிடுகிறாள். பின்னர் ஜாதி பேதங்கள் வருகின்றன: திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. ஏழு தாளங்களும் ஐந்து ஜாதிகளும் பெருகி 35 ஆகின்றன. ஐந்து நடைகளும் சேர 175 ஆகின்றன. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது ஒரு முழுச் சுற்றில், சதுஸ்ர நடையில் 32 மாத்திரைகள் உண்டு. அதில் கண்ட ஜாதியான ஐந்து மாத்திரைச் சொற்கட்டைத் தொடர்ந்து ஆடிக்கொண்டு போனால், ஐந்து ஆவர்த்தனங்கள் நிறைந்து 160ஆவது மாத்திரை முடிந்த பிறகே அது மீண்டும் சமத்தில், அதாவது சுற்றின் தொடக்கத்தில், வந்து சேரும். பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரைக் கேட்டு மிரளும் பெண், ஆடல் வகுப்பில் அதனைத் தவறாமல் செய்து காட்டுகிறாள்.

தீர்மானம் என்று சொல்லப்படும் முத்தாய்ப்பிலோ கணக்கு இன்னும் நுட்பமாகிறது. ஒரு சொற்கட்டை மூன்று முறை ஆடி முடிக்கும்போது அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் பாதம் விழவேண்டும். பத்து மாத்திரையுள்ள சொற்கட்டை மும்முறை ஆடினால் முப்பது, இடையில் இரு முறை ஒவ்வொரு மாத்திரை கார்வை என்னும் இடைவெளி விட்டால் முப்பத்திரண்டு, ஆவர்த்தனம் நிறைந்துவிடுகிறது. சொற்கட்டை ஒன்பது மாத்திரையாகக் குறைத்தால் கார்வை எவ்வளவாக வேண்டுமென்று கேட்டால், அது ஒரு சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்வதேயாகும். நட்டுவனார் பரம்பரையினர் இதனைக் காகிதமின்றியே மனத்தில் கணித்தார்கள். ஆடும் பெண்கள் மேடையிலே அதனைப் பிழையின்றி நிறைவேற்றினார்கள்.

சந்தமும் தாளமும் நம் நாட்டில் கணித ஆராய்ச்சிக்கும் வித்தாக இருந்தன என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. குறில், நெடில் என்ற இரண்டே அளவுகளைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம் என்ற கேள்வியை ஆராய்ந்த ஹேமசந்திரர், பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே 1, 2, 3, 5, 8, 13 என்று வளரும் எண்வரிசையைக் கூறினார். அவருக்கும் முந்திய விரஹாங்கர் அதனை அறிந்திருந்தார். மேல்நாட்டில் அந்த வரிசைக்குப் பெயர் தந்த பிபோனாச்சியின் நூல் வெளிவந்தது 1202ஆம் ஆண்டில்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரத்தை இயற்றிய சார்ங்கதேவர் தாளங்களை விரித்துக் கணக்கிடும் பிரஸ்தார முறையை விளக்கினார். சந்தத்திலும் தாளத்திலும் பிறந்த கேள்விகள் கணிதமாகிப் பலித்ததற்கு இவை சான்றுகள்.

இத்தனை வளமுள்ள உறவு எவ்வாறு அறுபட்டது? அதற்கு விடை கூறும் சரித்திரத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை முதலிடம் பெறுகிறது. 1886இல் புதுக்கோட்டையில், தேவதாசிக் குலத்தில் பிறந்த சந்திரம்மாளின் மகளாகத் தோன்றிய அவர், அவ்வூர் மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்து பயின்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஆடலை மரபாகக் கொண்ட குலத்தில் உதித்த ஒருத்தி, நம் பெண்களுள் விஞ்ஞானக் கல்வியின் வாயிலைத் திறந்த முதல்வர்களுள் ஒருத்தியானாள். தம் தாயின் குலத்தார் அனுபவித்த துன்பத்தை நேரில் அறிந்தவராதலால், சிறுமிகளை ஆலயத்துக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் அவர் போராடினார். அப்போராட்டத்தின் பயனாக 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது, அம்மாகாணத்தின் பகுதியாயிருந்த சித்தூருக்கும் திருப்பதிக்கும் அது பொருந்திற்று. அச்சட்டம் நியாயமானது, அதனால் விடுதலை பெற்ற சிறுமிகளின் எண்ணிக்கையே அதற்குப் போதிய புகழ். எனினும், படித்து டாக்டராகவேண்டிய பெண் ஆடலை விட்டுவிடவேண்டும் என்றும், ஆடுகிறவளுக்குப் படிப்பின் உலகில் இடமில்லை என்றும் ஓர் எண்ணம் அக்காலத்தில் சமூகத்தின் மனத்தில் வேரூன்றிவிட்டது. வழக்கத்தின் கொடுமையை வெட்டிய கத்தி, வித்தையின் நரம்பையும் சேர்த்து வெட்டிற்று.

அச்சட்டம் பிறப்பதற்கு முன்பே, அன்று சித்தூர் ஜில்லாவின் பகுதியாயிருந்த மதனப்பள்ளியில் வேறொரு நீரோட்டம் தொடங்கியிருந்தது. அங்கிருந்த பிரம்மஞான சபையாரின் கல்லூரியில் ஜேம்ஸ் கஸின்ஸ் தலைமை வகித்தார். அவருடைய மனைவி மார்கரெட் கஸின்ஸ் சங்கீதத்தில் பட்டம் பெற்றவர். 1917இல் அடையாற்றில் பெண்கள் இந்திய சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவர். 1919ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மகாகவி ரவீந்திரநாதர் அவ்வூரில் தங்கி ஜனகணமன கீதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதியதும், மார்கரெட் அதற்கு ஸ்வரக்குறிப்பு அமைத்ததும் பிரசித்தமான செய்திகள். அவ்வாண்டின் இறுதியில் சில்ஹெட்டில் மணிப்புரி நடனத்தைக் கண்டு மகிழ்ந்த அக்கவி, சாந்திநிகேதனத்துப் பாடத்திட்டத்தில் ஆடலுக்கும் ஓர் இடம் அளித்தார். குடும்பத்துப் பெண்கள் ஆடுவதே அவமானம் என்று கருதப்பட்ட அந்நாளில், ஆடலைக் கல்விச்சாலைக்குள் அழைத்து வந்தது துணிவான செயலாகும். பிரம்மஞான சபையின் சூழலிலேயே வளர்ந்த ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் அரங்கேறி, 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார்.

இவ்வாறு ஆடல் கௌரவத்தை மீண்டும் பெற்றது உண்மையே. ஆனால் அந்தக் கௌரவம் எல்லோருக்கும் சமமாகக் கிட்டவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். பரம்பரையாக ஆடியவர்களின் பேத்திகள் மேடையிலிருந்து மெல்ல விலகினார்கள்; வசதியுள்ள குடும்பங்களின் பெண்கள் அரங்கேறினார்கள். கறுத்த மேனியுள்ள சிறுமியின் முகத்தில் வெண்மைப் பூச்சை அப்பி மேடையேற்றும் வழக்கமும் கூடவே வந்தது. அமெரிக்க தேசத்தில் வெள்ளையரல்லாத பெண்களுக்கு விஞ்ஞானக் கல்வியின் வாயில் எவ்வாறு குறுகலாக இருந்து வந்திருக்கிறதோ, அவ்வாறே நம் நாட்டில் ஜாதியும் வறுமையும் கிராமத்து வாழ்வும், அவற்றோடு நிறத்தைப் பற்றிய தாழ்வெண்ணமும் சேர்ந்து ஏழைப் பெண்ணின் வழியை அடைத்து நிற்கின்றன.

திருப்பதி நகரம் இதற்கிடையே ஒரு கல்விப் பட்டணமாக வளர்ந்தது. தேவஸ்தானத்தார் 1952இல் ஸ்ரீ பத்மாவதி பெண்கள் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1954இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தோன்றியது. 1959இல் தேவஸ்தானத்தின் இசைக் கல்லூரி நிறுவப்பட்டு, இசையோடு நடனமும் அங்கே முறையாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. 1983ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞான காங்கிரஸ் திருப்பதியில் கூடியது. அதே ஆண்டில் பெண்களுக்கென்றே ஸ்ரீ பத்மாவதி மகிளா விசுவவித்யாலயம் ஸ்தாபிக்கப்பட்டது. 1993இல் அலிபிரியின் அருகே பிராந்திய விஞ்ஞான மையம் திறக்கப்பட்டது. 2017இல் விஞ்ஞான காங்கிரஸ் மீண்டும் இந்நகரில் கூடியபோது, அதன் அங்கமாகப் பெண் விஞ்ஞானிகளின் மாநாடும் நடைபெற்றது. ஆக, ஒரே ஊரில், சில மைல் தூரத்துக்குள், ஆடலைக் கற்பிக்கும் கூடமும் பெண்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் கூடமும் பல்லாண்டுகளாக அருகருகே இருந்து வருகின்றன. குறையெல்லாம் இவ்விரண்டு கூடங்களுக்கும் இடையிலுள்ள வாயில் எளிதில் திறவாமையே.

அந்த வாயிலைத் தம் வாழ்வில் கண்டவர்கள் உண்டு. கேரளத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் பட்டம் பெற்ற அன்னா மாணி இளமையில் நடனம் பயிலவே விரும்பினார். பௌதிகத்தின் மேலிருந்த பற்றினால் அதனைத் தேர்ந்தெடுத்தார். சூரிய ஒளியையும் ஓசோனையும் காற்றின் வேகத்தையும் அளக்கும் கருவிகளை நம் நாட்டிலேயே அமைத்த அவர், தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை அளவைக் கோபுரத்தை ஏற்படுத்தித் தந்தார். அத்தளத்தை உருவாக்கிய விக்ரம் சாராபாயின் இல்லத்திலோ ஆடல் விருந்தினராக அன்றி வீட்டுக்குரியதாகவே வாழ்ந்தது. அவருடைய மனைவி மிருணாளினி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். 1949இல் அகமதாபாத்தில் தர்ப்பணா என்னும் கலைக்கூடத்தை நிறுவி, வரதட்சிணைக் கொடுமை போன்ற சமூகப் பிரச்சினைகளையும் ஆடலினால் எடுத்துரைத்தவர். ஸ்ரீஹரிகோட்டாவை ஏவுதளமாக 1969இல் தேர்ந்தது சாராபாயின் காலத்திலேதான் என்பதை நினைக்கும்போது, விண்வெளி விஞ்ஞானமும் பரதமும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்த அவ்வில்லம் நமக்கு ஓர் உதாரணமாகிறது.

சாமானிய மக்களிடையே ஆடலை விஞ்ஞானத்தின் தூதாக அனுப்பிய பெருமை மக்கள் விஞ்ஞான இயக்கங்களைச் சாரும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்து 1980இல் நடத்திய கலாஜாதா என்னும் கலைப்பயண முறையைப் பின்பற்றி, 1987ஆம் ஆண்டு காந்தியடிகளின் பிறந்தநாளில் தேசத்தின் பல மூலைகளிலிருந்து கலைஞர் குழுக்கள் புறப்பட்டு, ஸர் சி. வி. ராமனின் பிறந்தநாளான நவம்பர் 7ஆம் தேதி போபாலில் ஒன்றுகூடின. கிராமத்துச் சந்தியில் பறையும் உடுக்கும் முழங்க, ஆடிப் பாடி, கிரகணத்தின் காரணத்தையும் நோயின் காரணத்தையும் விளக்கிய அம்முறை, 1990களின் தொடக்கத்தில் சித்தூரிலும் அண்டையிலுள்ள நெல்லூரிலும் நடந்த எழுத்தறிவு இயக்கங்களுக்கு உயிரூட்டியது. நெல்லூர் ஜில்லாவின் தூபகுண்டாவில் இரவுப் பள்ளியில் எழுத்தறிந்த பெண்கள் 1992இல் சாராயத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து, அடுத்த ஆண்டிலேயே ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்யும்படி செய்தார்கள். 1993இல் நடந்த சமதா ஜாதாவில் பெண்களே முன்னின்றார்கள். பாட்டும் ஆட்டமும் கலந்த அறிவுப் பிரசாரம் பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்கில், ஜே. கிருஷ்ணமூர்த்தியின் எண்ணங்களைத் தழுவி நடக்கும் கல்வி நிலையத்தார், சுற்றுப்புறக் குக்கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் தொடங்கி, பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் அட்டைகளும் கொண்டு குழந்தை தன் வேகத்திலேயே கற்கும் ஒரு முறையை வகுத்தார்கள். அம்முறையைக் கண்டு பயின்று வந்த சென்னை மாநகராட்சி ஆசிரியர்களின் உழைப்பால் 2003 முதல் சென்னையில் செயல்வழிக் கற்றல் பரவி, சில ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் சென்றது. சித்தூர்ச் சீமையின் மலையடிவாரத்தில் முளைத்த வித்து எல்லை கடந்து வந்து தமிழ்க் குழந்தைகளுக்கும் நிழல் தந்தது.

வெளியுலகிலும் இவ்வழியில் செல்பவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க் நகரில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் பயின்ற கறுப்பினப் பெண்மணியான யாமிலே டூசாண்ட் என்பவர், 2012இல் ‘ஸ்டெம் ஃப்ரம் டான்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வெள்ளையரல்லாத ஏழைச் சிறுமிகள் அங்கே தாங்களே நடனம் அமைத்து, தங்கள் உடையில் மின்விளக்குகளைப் பதித்து, அவை ஆட்டத்துக்கேற்ப ஒளிரும்படி கம்ப்யூட்டர் நிரல்களைத் தாங்களே எழுதி மேடையேறுகிறார்கள். ருமேனியாவின் சாபியென்சியா பல்கலைக்கழகத்தினர் எண்களை வரிசைப்படுத்தும் கணினி முறைகளை நாட்டுப்புற நடனக்காரர்களைக் கொண்டு ஆடிக் காட்டியிருக்கிறார்கள். இவற்றைக் கண்டு நாம் வியப்பது தகும். ஆனால் நம் வீட்டிலுள்ள செல்வத்தை மறந்துவிடுதல் தகாது.

அச்செல்வங்களுள் ஒன்று பின்னல் கோலாட்டம். தெலுங்கர் இதனை ஜடகோலாட்டம் என்பர். உயரத்தில் கட்டிய கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, எட்டுப் பெண்களில் நால்வர் வலமாகவும் நால்வர் இடமாகவும் சுற்றி, எதிர்ப்படுபவளை ஒரு முறை உட்புறமாகவும் அடுத்த முறை வெளிப்புறமாகவும் கடந்து செல்லச் செல்ல, மேலே கயிறுகள் ஜடையாகப் பின்னிக்கொள்கின்றன. பின்னியதை அவிழ்க்கவேண்டுமானால், செய்த அசைவுகள் அனைத்தையும் கடைசியிலிருந்து முதல்வரை தலைகீழ் வரிசையில் செய்யவேண்டும். ஒருத்தி ஓரிடத்தில் தவறினாலும் முடிச்சு விழுந்துவிடும். அது எந்தச் சுற்றில் நேர்ந்ததென்று ஆராய்ந்து, அதுவரை பின்வாங்கிச் சென்று திருத்தவேண்டும். கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்கள் தினந்தோறும் செய்வது இதுவே: கட்டளைகளை ஒழுங்குபட அமைத்தல், ஒரு செயலை மாற்றிச் செய்து பழைய நிலையை அடைதல், பிழையின் இடத்தைக் கண்டுபிடித்தல். பின்னல்களின் இயல்பை ஆராயும் கணிதத் துறையே தனியாக இருக்கிறது. பின்னல் கோலாட்டம் ஆடத் தெரிந்த பெண்ணுக்கு இத்துறைகள் அந்நியமானவை என்று சொல்வதற்கு எவருக்கும் அதிகாரமில்லை.

காடங்கி ராடாரையும் இவ்வாறே ஆடி விளக்கலாம். 130 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத் திடலில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக, 1024 ஆன்டெனாக்கள் அங்கே நிற்கின்றன. அவையனைத்தும் ஒரே கணத்தில் 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை எழுப்பினால் கற்றை நேர் மேலே செல்லும். ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையைவிட அணுவளவு தாமதித்து எழுப்பினால் கற்றை சாய்ந்து செல்லும். தாமதத்தை மாற்றி மாற்றி, ஆன்டெனாக்களை அசைக்காமலே, வானத்தின் வெவ்வேறு திசைகளை நோக்கலாம். திரும்பி வரும் அலையின் அதிர்வெண்ணில் நேர்ந்துள்ள சிறு மாற்றத்தைக் கொண்டு காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். இப்போது 32 சிறுமிகளை ஒரு வரிசையில் நிறுத்தி, எல்லோரும் ஒரே சமத்தில் அடியெடுத்து முன்செல்லச் சொன்னால் வரிசை நேராக நகரும். ஒவ்வொருத்தியும் பக்கத்தில் நிற்பவளுக்கு ஒரு மாத்திரை பிந்தித் தொடங்கினால் வரிசை சாய்ந்து நகரும். ஆதி தாளத்தின் 32 மாத்திரைகளையும் கால்களால் அறிந்த பெண்களுக்கு இதனைக் கற்பிக்க அரை மணி போதும். கற்ற பின் அவர்கள் மறக்கமாட்டார்கள்.

இப்படிக் கற்பிப்பது பாடத்துக்குத் தேன் தடவித் தருவதாகுமே தவிர உண்மையான கல்வியாகாது என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். ஆடலைக் கவர்ச்சிக்காகச் சேர்த்து, பாடத்தைப் பழையபடியே மனனம் செய்விக்கும் இடங்களில் அந்த ஆட்சேபம் சரியானதே. ஆனால் மேற்சொன்ன உதாரணங்களில் ஆடல் பாடத்தை அலங்கரிக்கவில்லை. ஆடலுக்குள்ளேயே பாடம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பெண்களை விஞ்ஞானத்திலிருந்து விலக்கி வைப்பதில் அறிவின் குறையைவிட அச்சமே பெரிது: எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நிற்க அச்சம், தவறு செய்ய அச்சம், தன்னைப் பிறர் பார்ப்பதற்கே அச்சம். நூறு முறை தவறி நூற்றோராவது முறை சமத்தில் பாதம் பதித்த பெண்ணுக்குத் தவறு என்பது திருத்திக்கொள்ளவேண்டிய ஒன்றாகத் தோன்றுமேயன்றி, வெட்கித் தலைகுனியவேண்டிய ஒன்றாகத் தோன்றாது. அந்தப் பயிற்சி எந்த ஆய்வுக்கூடத்துக்கும் முதல் தகுதியாகும்.

விஞ்ஞானத்தின் வாயில் பெண்களுக்குத் திறந்திருப்பதற்கு அண்மைக்காலச் சான்றுகளும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் தேதி, 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்குகொண்டு உருவாக்கிய ஆசாதிசாட் என்னும் சிறு விண்கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ராக்கெட்டில் நேர்ந்த கோளாறினால் அது நிலையான பாதையை அடையவில்லை. மறுமுயற்சியாக 2023 பிப்ரவரி 10ஆம் தேதி ஏவப்பட்ட இரண்டாவது ஆசாதிசாட் வெற்றியுடன் சுற்றுப்பாதையை அடைந்தது. அதே ஆண்டில் அங்கிருந்தே சென்ற சந்திரயான்-3 திட்டத்தின் இணைத் திட்ட இயக்குநராகக் கல்பனா காளஹஸ்தியும், ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநராகச் செங்கோட்டை அரசுப் பள்ளியில் பயின்ற நிகார் ஷாஜியும் பணியாற்றினார்கள். வாயில் திறந்திருக்கிறது, அதன் வழியே இன்னும் பலர் வரவேண்டும்.

நம் பள்ளி ஆண்டு விழாக்களிலும் விஞ்ஞானக் கண்காட்சிகளிலும் மாணவிகள் வரவேற்பு நடனம் ஆடிவிட்டு ஒதுங்கி நிற்க, கருவிகளை இயக்கி விளக்கம் கூறும் பொறுப்பு பையன்களுக்கே பெரும்பாலும் அளிக்கப்படுகிறது. இந்த வழக்கத்தை மாற்றுவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அரசாங்கத்தின் ஆணைக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நடனம் கற்பிக்கும் ஆசிரியையும் கணிதம் கற்பிக்கும் ஆசிரியையும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரே அறையில் சேர்ந்து பாடம் நடத்த இசைந்தால் போதும். இசைக் கல்லூரியின் மாணவிகளும் மகிளா விசுவவித்யாலயத்தின் பொறியியல் மாணவிகளும் சித்தூர், புத்தூர், நகரி, கார்வேட்டிநகரம் முதலிய ஊர்களின் அரசுப் பள்ளிகளுக்குச் சேர்ந்து சென்று கற்பித்தால் இன்னும் நன்று. ஒரு காலத்தில் ஒரு குலத்துப் பெண்களிடம் மட்டும் அடைபட்டுக் கிடந்து, அவர்களுக்கும் நன்மதிப்பைத் தராமற்போன இந்த வித்தை, இனிமேல் எல்லாக் குலத்துப் பெண்களுக்கும், எல்லா நிறத்துப் பெண்களுக்கும் உரியதாகி, அவர்களை அறிவின் எந்தத் துறைக்கும் துணிவுடன் அழைத்துச் செல்லவேண்டும். முத்துலட்சுமி ரெட்டியின் தலைமுறைக்கு ஆடலா படிப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டிய நிர்ப்பந்தம் இருந்தது. நம் மகளிருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. இரண்டையும் ஒருங்கே கேட்டுப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு. அதனை அவர்களுக்கு அளிக்கவேண்டிய கடமை நமக்கு உண்டு.